ஃபேமிலிசர்ச்: முன்னோரைத் தேடித் தரும் இலவசச் சேவையும் அதன் பின்னுள்ள நம்பிக்கையும்

முன்னோரைப் பற்றிய விவரங்களை இணையத்தில் தேடத் தொடங்குகிற எவரும் இன்றோ நாளையோ வந்து சேருகிற இடம் ஃபேமிலிசர்ச். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் முதலிய சேவைகள் தங்கள் ஆவணங்களில் பெரும்பகுதியைச் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே திறந்துவிடுகின்றன. ஃபேமிலிசர்ச்சில் ஒரு கணக்கு தொடங்கினால் போதும், காசு கேட்கிற பேச்சே இல்லை. நெடுநாளாக இதைப் பயன்படுத்திவரும் அனுபவத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆவணங்களைத் தேடுவதற்கு இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. குடும்ப மரத்தைக் கட்டி வைப்பதற்கு இது எச்சரிக்கையோடு அணுகவேண்டிய இடம். இறந்துபோனவர்களோடு ஓர் உறவையும் அதன் வழியே சமய நம்பிக்கையில் ஒரு பிடிப்பையும் நாடி வருகிறவர்களுக்கோ, இந்தத் தளம் எவ்வளவு வேகமாக முன்னே போகச் சொல்கிறதோ அவ்வளவுக்கு நின்று நிதானித்தால்தான் ஏதாவது கிடைக்கும். இந்த மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

இந்தச் சேவை ஏன் இலவசமாக நடக்கிறது என்பதை அறியாமல் இதை மதிப்பிட முடியாது. இதை நடத்துவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மோர்மன் சபை என்று பொதுவாக அறியப்படும் அமைப்பு. 1830இல் ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய இந்தச் சபையின் போதனைப்படி, குடும்ப உறவு மரணத்தோடு அறுந்துபோவதில்லை. ஞானஸ்நானம் பெறாமலே இறந்துவிட்ட முன்னோருக்காக, உயிரோடிருக்கிற ஒருவர் சபையின் ஆலயத்தில் அவர் பெயரால் ஞானஸ்நானம் பெறலாம். கணவனை மனைவியோடும் பெற்றோரைப் பிள்ளைகளோடும் நித்தியத்துக்கும் இணைத்து முத்திரிக்கிற சடங்கையும் அவ்வாறே நடத்தலாம். இறந்தவர்களுக்கான ஞானஸ்நானத்தை ஸ்மித் 1840இல் போதிக்கத் தொடங்கினார். 1894இல் சபையின் அன்றைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், உறுப்பினர்கள் தத்தம் சொந்த முன்னோரை எட்டுமட்டும் தேடிக் கண்டுபிடித்துத் தலைமுறை தலைமுறையாக இணைக்க வேண்டும் என்று அறிவித்தார். அதே ஆண்டில் யூட்டா வம்சாவளிச் சங்கம் நிறுவப்பட்டது. அந்தச் சங்கத்தின் இன்றைய வடிவம்தான் ஃபேமிலிசர்ச். முன்னோரின் பெயரைத் தேடுவது இவர்களுக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக என்றும் இருந்ததில்லை. பெயர் தெரியாவிட்டால் சடங்கு நடக்காது. சடங்கு நடக்காவிட்டால் குடும்பம் முழுமை பெறாது.

இந்த நம்பிக்கையின் விளைவு, சமயச் சார்பற்ற எந்த அரசும் செய்யத் துணியாத ஒரு வேலை. 1938இல் சங்கம் உலகெங்குமுள்ள பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களை மிகச் சிறிய படங்களாகப் பதியும் சுருளில், படமெடுக்கத் தொடங்கியது. எடுத்த சுருள்களைப் பாதுகாக்க, சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது. 1965இல் அது முடிந்தது. அங்கே சேர்ந்த சுருள்கள் ஏறத்தாழ 24 லட்சம். 1999 மே மாதத்தில் இணையதளம் திறக்கப்பட்டாலும், சுருள்களை எண்ணிட்டுக் கேட்டு, அவை அருகிலுள்ள சபை மையத்துக்கு வந்து சேரும்வரை காத்திருந்து, கருவியில் சுற்றிப் பார்க்கிற முறை 2017 வரை நீடித்தது. அதன்பின் கணினிப் படங்களாக மாற்றும் பணி வேகமெடுத்து, 2021 செப்டம்பரில் அந்தத் தொகுப்பு முழுவதும் மாற்றப்பட்டுவிட்டதாக அறிவித்தார்கள். இன்று கைப்பேசியைத் திறந்து ஒருவர் பார்க்கிற பக்கம் இத்தனை கைகள் மாறி வந்தது.

தேடத் தொடங்கிய சில நாள்களிலேயே இன்னொன்று புலப்படும். பழைய குடும்பப் பதிவுகளில் கணிசமானவற்றை எழுதிவைத்தது அரசு அலுவலகம் இல்லை, வழிபாட்டிடம். இங்கிலாந்தின் ஒவ்வொரு திருச்சபை வட்டமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஆணையிட்டார். கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது அவர்களுடைய திருச்சபை வட்டங்களில், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவுசெய்வதை 1563இல் திரெந்து பொதுச்சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு கட்டாயமாக்கியது. சீனக் குலங்கள் முன்னோர் வழிபாட்டோடு சேர்த்தே தங்கள் குலவழி ஏடுகளைப் பேணின. இந்துத் தீர்த்தத் தலங்களில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் வைத்திருக்கும் வம்சாவளி ஏடுகளும் ஃபேமிலிசர்ச்சின் தொகுப்பில் இருக்கின்றன. பிறப்பும் திருமணமும் சாவும் கடவுளின் முன்னால் நடக்கிற காரியங்கள் என்று கருதியவர்கள் அவற்றை எழுதிவைத்தார்கள். வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் எழுதியவர்களும் உண்டு. முன்னோரைத் தேடுகிறவர், தமக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம்பிக்கை விட்டுச்சென்ற காகிதங்களுக்குள்தான் நடமாடுகிறார்.

இனி சேவையின் செயற்பாடு. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அடைவு. அதாவது, ஆவணத்திலிருந்து தன்னார்வலர்களோ கணினியோ பெயர்த்தெழுதிய வரிகள். ஆவணத்தின் படம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பலரும் அடைவிலிருக்கிற தேதியையும் பெயரையும் எடுத்துக்கொண்டு அடுத்தவரைத் தேடப் போய்விடுகிறார்கள். அடைவில் இடம்பெறுகிறவர்கள் பெரும்பாலும் பதிவின் முக்கியப் புள்ளிகளே: மணமகன், மணமகள், அவர்களுடைய பெற்றோர். சாட்சிகள், ஞானப்பெற்றோர், ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள் ஆகியவை அநேகமாக விடுபட்டுப்போகும். இவற்றில்தான் ஆள் தெரிகிறார் என்பது என் அனுபவம்.

என் கொள்ளுப்பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்திருந்தவை அவருடைய பெயரும், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற செய்தியும் மட்டுமே. புகைப்படம் கிடையாது. அவருடைய திருமணப் பதிவு அடைவில் அகப்பட்டது. படத்தைத் திறந்தால், கொள்ளுத்தாத்தா நிதானமாகக் கையெழுத்திட்டிருக்கும் வரிக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி. இரண்டு கோடுகளும் சம நீளத்தில் இல்லை. ஒன்றின் அடியில் மை திரண்டிருக்கிறது, பேனாவை அங்கே அழுத்தி நிறுத்தியிருக்க வேண்டும். குறியின் இருபுறமும், பதிவை நிரப்பிய குருவானவரின் கையெழுத்தில், இது இன்னாருடைய குறி என்ற சொற்கள். வீட்டுச் செய்தி மெய்தான் என்று அத்தோடு மூடியிருக்கலாம். அதே கோயிலின் பிந்தைய தொகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனபோது அவருடைய மூத்த மகளின் திருமணம் வந்தது. சாட்சிகளுக்கான கட்டத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருக்கிறது. குருவானவரின் கைக்கும் அந்தக் கைக்கும் ஒற்றுமையே இல்லை. எழுத்துகள் கோட்டில் நிற்காமல் ஏறி இறங்குகின்றன. பெயரின் பின்பாதிக்குக் கட்டத்தில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் கீழே சரிந்திருக்கின்றன. அவராகவே எழுதியிருக்கிறார்.

இரண்டு பதிவுகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம். அதற்குள், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே, தம் பெயரை எழுதும் அளவுக்காவது அவர் கற்றிருக்கிறார். யார் கற்றுக்கொடுத்தார்கள், எதற்காகக் கற்றார் என்றெல்லாம் பதிவேடு சொல்லாது. எங்கள் குடும்பத்திலோ அவரைத் தற்குறி என்றே மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தச் சாட்சிக் கையெழுத்து எந்த அடைவிலும் இல்லை. பெயரைத் தட்டித் தேடுகிற எவருக்கும் அது கிடைத்திருக்காது.

நம்பிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டியதும் இங்கேதான் வருகிறது. எனக்குச் சமயம் பிறப்பால் வந்தது. கேட்காமலே கிடைத்த பொருளிடம் இருக்கிற அளவுக்குத்தான் அதனிடம் பற்றும் இருந்தது. அந்தப் பக்கத்தில், திருச்சபையின் முறைமைப்படி மணம் முடிக்கப்பட்டது என்று அச்சிட்டிருந்த வரியைப் படித்தபோது, அவர்மேல் வாசிக்கப்பட்ட அதே திருமண ஆராதனைதான் என் திருமணத்திலும் வாசிக்கப்பட்டது என்பது உறைத்தது. எழுதத் தெரியாத அந்தப் பெண் அந்த வாக்குறுதியைக் குருவானவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியிருப்பார். நான் அச்சிட்ட தாளைப் பார்த்து வாசித்தேன். இதனால் ஒரே இரவில் பக்தி பெருகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வாராவாரம் ஆராதனையில் கடனுக்கு முணுமுணுத்த விசுவாசப்பிரமாணத்தை இப்போது அப்படி முணுமுணுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வாக்குறுதியின் எல்லை, மரணம் இருவரையும் பிரிக்குமட்டும் என்பது. இந்தத் தளத்தைக் கட்டியவர்களுக்கோ அந்த எல்லை போதவில்லை. அவர்களுடைய ஆலயங்களில் நடக்கிற முத்திரிப்பு மரணத்துக்கு அப்பாலும் செல்லும் என்று நம்புகிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு அவர்கள் ஏன் அப்படி விரும்புகிறார்கள் என்பது புரிகிறது.

அடைவின் குறையைச் சரிக்கட்ட 2024இல் முழு உரைத் தேடல் என்றொரு வசதியை அறிமுகப்படுத்தினார்கள். கையால் எழுதிய பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு படித்து எழுத்தாக்கிவிடுவதால், பக்கத்தில் எங்கே இருந்தாலும் ஒரு பெயரைத் தேட முடிகிறது. சொத்து ஆவணங்களிலும் உயில்களிலும் சாட்சியாகவோ கடன்காரராகவோ அண்டை நிலத்துக்காரராகவோ வருகிறவர்கள் இதில் அகப்படுகிறார்கள். எல்லா மொழிக்கும் எல்லாத் தொகுப்புக்கும் இது இன்னும் விரியவில்லை. மங்கிய மையிலும் நெருக்கி எழுதிய பக்கங்களிலும் தப்பும் தவறுமாக வாசிக்கிறது. இருந்தும், கடந்த பல ஆண்டுகளில் இந்தத் தளத்தில் சேர்ந்த வசதிகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

குடும்ப மரம் என்ற பகுதிக்கு வரும்போது என் பாராட்டு குறைகிறது. மற்றச் சேவைகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரம் உண்டு. இங்கே உலகம் முழுமைக்கும் ஒரே மரம். நூறு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஒரு கோடிட்ட ஏழு எழுத்துக் குறியீடு. இறந்தவர்களின் பக்கங்களில் பெரும்பாலானவற்றைக் கணக்கு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம், ஒரே பெயருடைய இருவரை ஒருவராக இணைக்கலாம், பெற்றோரை மாற்றலாம். உயிரோடிருப்பவர்களின் பக்கங்கள் மட்டும் பொதுவாக உருவாக்கியவருக்கே தெரியும்படி மறைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஏற்பாட்டின் நோக்கம் நல்லது. ஒரே முன்னோரின் வழிவந்த, ஒருவரையொருவர் அறியாத உறவினர்கள் ஒரே பக்கத்தில் சந்தித்துக் கையிலிருப்பதைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. தொலைவில் வாழும் ஒருவர் என் தாத்தாவின் சகோதரருடைய பக்கத்தில் ஏற்றிவைத்த ஒரு கடிதத்தின் படம், எங்கள் வீட்டில் எவரும் கண்டிராதது. ஆனால் அதே ஏற்பாடு, பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பிச் செய்கிற அவசர இணைப்புகளுக்கும் இடம் கொடுக்கிறது. ஒரு திருத்தம் செய்யும்போது காரணத்தை எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். மாற்றங்களின் வரலாறு சேமிக்கப்படுகிறது. முந்தைய நிலைக்குத் திருப்பவும் முடியும். ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்தால் யார் என்ன மாற்றினார் என்று மின்னஞ்சல் வரும். இவை எல்லாம் இருந்தும், உங்கள் பாட்டியின் பக்கத்தைக் காவல் காக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

தளம் தருகிற துப்புகளையும் அளவோடுதான் நம்ப வேண்டும். ஒருவரைச் சேர்த்த உடனே, இவருடைய பெற்றோர் இன்னாராக இருக்கலாம், இவரைப் பற்றிய ஆவணம் இங்கே இருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கும். ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டே போனால் ஒரு மாலைப்பொழுதுக்குள் பத்துத் தலைமுறை ஏறிவிடலாம். பத்தாம் தலைமுறையில் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களை நிரப்புவதில் ஒரு போதை இருப்பதை மறுக்கவில்லை. புகழ்பெற்றவர்களோடு உங்களுக்கு என்ன உறவு என்று காட்டுகிற ஒரு பக்கமும் உண்டு; அதில் அரசர்களும் அதிபர்களும் உங்களுக்குத் தூரத்து உறவாகிவிடுவார்கள். போதுமான தலைமுறை பின்னால் போனால் எல்லோருக்கும் எல்லோரும் உறவு என்பதால் அதில் மகிழ ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கண்கலங்கினார் என்று கேள்விப்பட்டால் நான் நம்பமாட்டேன். தளத்தின் அமைப்பு முழுவதும் அடுத்தவர், அதற்கு அடுத்தவர் என்று கைபிடித்து இழுக்கிறது. சடங்குக்குப் பெயர் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த அமைப்பு அப்படித்தான் இருக்கும். உறவு வேண்டும் என்று வருகிறவர் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரைப் பற்றிய எல்லாப் பக்கங்களையும், அவருடைய அண்டைவீட்டார் பதிவுகளையும்கூடப் படித்து முடிக்கும்வரை அடுத்த தலைமுறைக்கு ஏறாமலிருப்பது நல்லது.

பெயர்ப் பெட்டிகளும் ஒரு தொல்லை. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துக் கேட்கிற தேடல் படிவம், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரைச் சுமக்கிற சமூகங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஐஸ்லாந்தியரைப்போலத் தந்தை பெயரையே பின்பெயராகக் கொள்கிறவர்களுக்கு அது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். நம்மில் பலருக்கும் இந்தச் சிக்கல் தெரிந்ததுதான். இத்தகையவர்கள் பின்பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டு, முதற்பெயரோடு இடத்தையும் உத்தேச ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடுவது பலன் தரும். எழுத்துக்கூட்டல் தெரியாத இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டால் அந்த இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது பலரும் கேட்கத் தயங்குகிற விஷயம். நீங்கள் மரத்தில் சேர்க்கும் முன்னோரின் பெயரைக்கொண்டு சபை உறுப்பினர் ஒருவர் ஞானஸ்நானச் சடங்கு நடத்த முடியுமா? முடியும், அவரும் அந்த முன்னோரின் உறவினராக இருந்தால். உறுப்பினர்கள் தத்தம் சொந்த முன்னோருக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பது சபையின் விதி. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவரானால் மிக நெருங்கிய உறவினரின் சம்மதமும் வேண்டும். சடங்கு நடப்பதால் இறந்தவர் கட்டாயமாக உறுப்பினராகிவிடுவதில்லை, ஏற்பதும் மறுப்பதும் அவருடைய ஆன்மாவின் விருப்பம் என்பது சபையின் விளக்கம். இந்த விளக்கம் எல்லோரையும் அமைதிப்படுத்தவில்லை. நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்ட யூதர்களின் பெயரால் ஞானஸ்நானம் நடத்தப்பட்டது தெரியவந்தபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 1995இல் சபை யூத அமைப்புகளோடு உடன்பாடு செய்துகொண்டு, உறுப்பினர்களின் நேரடி முன்னோர் அல்லாதவர்களுக்கு அதை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டது. அதன் பிறகும் மீறல்கள் வெளிவந்தன; 2012இல் மன்னிப்புக் கோரவும் நேர்ந்தது. 2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்க இந்தச் சங்கத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டாம் என்று மறைமாவட்டங்களுக்கு எழுதியது. இவை ஒன்றும் இரகசியம் இல்லை. ஆனாலும் ஒருவர் கணக்கு தொடங்கி முதல் பெயரைச் சேர்க்கிற நேரத்தில் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் சேவையின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் இதைப் பேசியபோது இரண்டு கட்சியானது. "அவங்க பேரைச் சொல்லி யாரோ ஜெபம் பண்ணினா, செத்துப்போனவங்களுக்கு என்னப்பா நஷ்டம்?" என்றார் அத்தை. சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "உயிரோட இருக்கிறப்ப எந்தக் கோயில்ல முழங்கால் போட்டாங்களோ அதுதான் அவங்க சொன்ன பதில். அதை இன்னொருத்தர் மறுபடி கேட்கிறது என்ன நியாயம் அக்கா?" என்றார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குச் சித்தப்பா பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்வு. எனவே தேடலுக்கு மட்டும் ஃபேமிலிசர்ச்சைப் பயன்படுத்திக்கொண்டு, மரத்தை என் கணினியிலேயே கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் வைத்திருக்கிறேன். மரத்தில் ஒரு பெயரும் சேர்க்காமலே ஆவணங்களைத் தேடவும் தரவிறக்கவும் தளம் அனுமதிக்கிறது. குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படும் ஜெட்காம் என்ற கோப்பு வடிவத்தை 1980களில் உருவாக்கியதும் இதே சபைதான் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். கிராம்ப்ஸும் அதைப் படிக்கிறது.

நினைவுகள் என்ற பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. புகைப்படம், கடிதம், எழுதிய கதை ஆகியவற்றோடு, கைப்பேசிச் செயலி வழியாகக் குரலையும் பதிவுசெய்து ஒருவரின் பக்கத்தில் சேர்க்கலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வு தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. குடும்ப வரலாற்றுக் கூட்டங்களில் இந்த ஆய்வைச் சொல்லாதவர் குறைவு. விடைகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தால் பலன் வந்துவிடாது என்று டியூக்கே எச்சரித்திருக்கிறார் என்பதை மட்டும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிற வழக்கம் இருக்கும் வீட்டில்தான் அந்தப் பலன் விளைகிறது.

அந்த வகையில் குரல் பதிவு நல்ல கருவி. அத்தையின் குரலைப் பதிந்தபோது, அவர் தம் பாட்டியான என் கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நடுவே, "ராத்திரி விளக்கணைக்கிறதுக்கு முந்தி பாட்டுப் புஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு விரலை ஓட்டிக்கிட்டே இருப்பாங்க. படிக்கத் தெரியாதே, சும்மா பார்க்கிறாங்கன்னு நினைச்சோம்" என்றார். நான் பதிவேட்டுப் படத்தை அவரிடம் காட்டியது அதற்குப் பிறகுதான். நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தச் சரிந்த கடைசி இரண்டு எழுத்துகளின்மேல் விரலை வைத்துக் கையெழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பதிவேட்டில் இல்லாத விடை குரலில் இருந்தது; குரலுக்குப் பொருள் தந்தது பதிவேடு. நினைவுகள் பகுதியில் ஏற்றுபவை, இறந்தவர் ஒருவரின் பக்கத்தோடு இணைத்துவிட்டால், பொதுவாக எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. உயிரோடிருக்கும் ஒருவர் மனம்விட்டுப் பேசியதை ஏற்றுமுன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். அத்தையின் பதிவை நான் ஏற்றவில்லை.

மையங்களைப் பற்றிக் கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆவணத்தை வைத்திருப்பவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் காரணமாகச் சில படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது; பட்டியலில் அவற்றின் கேமராச் சின்னத்தின்மேல் ஒரு சாவி தெரியும். அவற்றை ஃபேமிலிசர்ச் மையங்களிலும் இணைந்துகொண்ட நூலகங்களிலும் பார்க்கலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான மையங்கள் இருக்கின்றன; பெரும்பாலும் சபையின் கட்டடங்களிலேயே, தன்னார்வலர்களின் பொறுப்பில் நடக்கின்றன. நான் சென்ற மையத்தில், நானாகக் கேட்கும்வரை சமயத்தைப் பற்றி எவரும் ஒரு சொல் பேசவில்லை. பழைய கையெழுத்தைப் படிப்பதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் ஒரு மாதப் பெயரின் சுருக்கத்தைப் படித்துக் கொடுத்தார். வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கிற மையங்கள் பல என்பதால் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. வேண்டிய தொகுப்பின் எண்ணை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெயரைக் கொண்டு அங்கே மறுபடி தேட உட்கார்ந்தால் நேரம் போய்விடும். படங்களைச் சேமிக்க ஒரு பென்டிரைவ் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய பக்கத்தோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் சேர்த்தே சேமித்துவிடுங்கள். சாட்சிகள் யார் என்று பிறகு தேடும்போது அவை கையில் இருக்கும்.